ஆறு குளிர்காலங்களில் பிறந்த புத்தகம்

எஸ்பிளனேட் அரங்கில் விளக்கு அணைவதற்கு முன் வரும் அறிவிப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். அதையும் மீறி யாராவது கையைத் தூக்கினால், இருட்டில் குனிந்தபடியே ஓர் ஊழியர் வந்து பக்கத்தில் நின்றுவிடுவார். தபலா மேதை ஜாகிர் உசேன் சிங்கப்பூருக்கு வந்து வாசித்த மாலைகளில் அந்த ஊழியர்களின் பாடு திண்டாட்டம்தான். தலைமுடி பறக்க, விரல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓட, முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வரும் அந்தக் கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

1980களின் தொடக்கத்தில் ஆமதாபாத்தில் ஒரு மாணவிக்கும் அப்படித் தோன்றியது. அவர் ரசிகையாக வரவில்லை. ஒரு மனிதரின் வெவ்வேறு மனநிலைகளைப் படமெடுத்து வர வேண்டும் என்று கல்லூரியில் வேலை கொடுத்திருந்தார்கள். அதற்காக, இரவல் தைரியத்தோடு கச்சேரிக்கு வந்திருந்தார். மேடையை நெருங்கியபோது விழா ஏற்பாட்டாளர்கள் தடுத்தார்கள். தள்ளுமுள்ளில் கால் இடறி, அத்தனை பேர் பார்க்கக் கீழே விழுந்தார். அவமானம் தொண்டையை அடைத்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் வெளியே காத்திருந்தார். கச்சேரி முடிந்து ஜாகிர் உசேன் வந்ததும் நேரே அவரிடம் போய், இன்று நான் ஒரு சாதாரண மாணவி, என்றாவது ஒருநாள் பெரிய புகைப்படக் கலைஞராக வருவேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் வெடித்துவிட்டார்.

ஒரு கல்லூரி மாணவி நடுத்தெருவில் இப்படிப் பேசினால் ஒரு பிரபலம் என்ன செய்வார்? பெரும்பாலோர் சிரித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். ஜாகிர் உசேன், வந்து படம் எடுத்துக்கொள் என்று அழைத்தார். தனியாக, மேடைக்கு வெளியே, அவர் சாதகம் செய்யும் இடத்துக்கு.

அந்த மாணவியின் பெயர் தயானிதா சிங். அந்த அழைப்பிலிருந்து பிறந்தது 'ஜாகிர் உசேன்' என்ற புத்தகம். 1986-இல் டெல்லி ஹிமாலயன் புக்ஸ் வெளியிட்டது. உலக அளவில் புகைப்படக் கலைக்கு வழங்கப்படும் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஹாசல்பிளாட் விருதை 2022-இல் பெற்றவர் இதே தயானிதாதான். தெற்காசியாவிலிருந்து அந்த விருதை முதலில் பெற்றவரும் அவர்தான். விழுந்த அன்று சொன்னது பலித்துவிட்டது என்று இதை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு ஆர்வம் அந்தச் சவாலில் இல்லை. விழுந்த மாலைக்கும் புத்தகம் வந்த நாளுக்கும் நடுவே ஓடிய ஆண்டுகளில்தான் இருக்கிறது.

தயானிதாவுக்கு அப்போது புகைப்படக்காரராகும் எண்ணமே கிடையாது. அதற்கு எதிரான காரணம்தான் வீட்டிலேயே இருந்தது. அம்மா நோனி சிங் ஓயாமல் படம் எடுப்பவர். குடும்பத்தோடு எங்கு கிளம்பினாலும், அம்மா ஃபோகஸ் சரிபார்த்து முடிக்கும் வரை எல்லோரும் நிற்க வேண்டும். இந்தத் தொழிலே வேண்டாம் என்று சின்ன வயதில் முடிவு செய்திருந்ததாகத் தயானிதா சொல்லியிருக்கிறார். 1980-இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் சேர்ந்தது காட்சித் தொடர்பியல் படிக்க. எழுத்துரு, பக்க அமைப்பு, அட்டை, தாள் என்பதெல்லாம் அவர் படித்த பாடங்கள். புத்தகம் செய்வது எப்படி என்று தெரிந்துகொண்டிருந்த பெண்ணின் கையில் கேமரா தற்செயலாக வந்து சேர்ந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியமாகிறது.

எதிரே நின்றவரும் சாதாரண ஆள் இல்லை. ஜாகிர் உசேனுக்கு அப்போது முப்பது வயது. ரவிசங்கருக்கு வாசித்து மேற்குலகையே தபலா பக்கம் திருப்பிய அல்லா ரக்காவின் மகன். 1973-இல் கிதார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், நம் கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் சேர்ந்து பத்துப் பாட்டுக்காரர்கள் ஒரு வாழ்நாளில் பார்க்கும் மேடைகளைச் சில ஆண்டுகளில் பார்த்தவர். 1983-இல் வந்த 'ஹீட் அண்ட் டஸ்ட்' படத்தில் நடிக்கவும் செய்தார். முகம் கேமராவுக்கென்றே அமைந்த முகம். அவரை அழகாகப் படம் எடுப்பது கடினமே இல்லை. அதனால்தான் அவரை ஒழுங்காகப் படம் எடுப்பது கடினம்.

கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. தபலாக்காரரை மேடையில் படம் எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாமே எதிராக இருக்கும். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் இரண்டு மைக், அதன் தாங்கிகள், சுருண்டு கிடக்கும் கம்பி, ஒரு தண்ணீர் பாட்டில். கீழே நின்றால் மைக் முகத்தை மறைக்கும். பக்கவாட்டில் போனால் முன்னணிக் கலைஞரின் முதுகு மறைக்கும். வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் போட்டால் கலைஞர் நிறுத்திவிட்டு முறைப்பார். அன்றைய கறுப்பு-வெள்ளை ஃபிலிமின் வேகம் 400. அதை 1600 என்று கணக்கு வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டுவார்கள். ஸ்டூடியோக்காரர்கள் 'புஷ்' பண்ணுவது என்பார்கள். அப்படிச் செய்தும் அரங்க வெளிச்சத்தில் ஷட்டரை நொடியில் 60-இல் ஒரு பங்குக்கு மேல் விரைவாக வைக்க முடியாது. அந்த வேகத்தில் தபலாக்காரரின் விரல்கள் படத்தில் கரைந்து புகையாகிவிடும்.

சரி, இன்றைய டிஜிட்டல் கேமராவில் நொடியில் 500-இல் ஒரு பங்கு வைத்து எடுத்தால்? விரல்கள் ஒவ்வொன்றும் துல்லியமாக, தோலுக்கு ஒரு நூல் மேலே அப்படியே நிற்கும். ஆணி அடித்து நிறுத்தியது மாதிரி. வாசிப்பு போய்விடும். கரைந்தாலும் குற்றம், உறைந்தாலும் குற்றம். போதாததற்கு எஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடி மேலெழும் 'டக்' சத்தம். மெதுவாக விரியும் ஆலாபனையில் அது மூன்றாம் வரிசை வரை கேட்கும். நம் இண்டோர் ஸ்டேடியத்துக்கு வரும் பெரிய சினிமா இசை நிகழ்ச்சிகளில் இந்தத் தொல்லையே இல்லை, சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆனால் அங்கே வேறு விதி: பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு முதல் இரண்டு மூன்று பாடல்கள்தான், பிறகு வெளியே. பாடகர் குரல் சூடேறி, சட்டை நனைந்து, நிஜமாகப் பாடத் தொடங்கும்போது படம் எடுக்க ஆள் இருக்காது.

ஆக, மேடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே படம்தான். யார் எடுத்தாலும் அதே படம். தயானிதா தள்ளப்பட்டு விழாமல், அனுமதியோடு முன்வரிசையில் நின்று எடுத்திருந்தால் அவருக்கும் அதே படம் கிடைத்திருக்கும். வகுப்பில் காட்டியிருப்பார், மதிப்பெண் வாங்கியிருப்பார், அத்தோடு மறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஏற்பாட்டாளர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், வேறு வழியில்லை.

ஜாகிர் அழைத்தது ஒரு நாளைக்கு. அது ஆறு குளிர்காலங்களாக நீண்டது. குளிர்காலம் என்பதற்குக் காரணம் உண்டு. வட இந்தியாவில் கச்சேரிப் பருவம் அதுதான், நமக்கு மார்கழி போல. விடிய விடிய நடக்கும் கச்சேரிகள், கம்பளி போர்த்திய ரசிகர்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு விழா. கலிஃபோர்னியாவில் குடியிருந்த ஜாகிர் அந்த மாதங்களில் இந்தியா வருவார். இசைக்கலைஞர்கள் கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள். மாணவி கேமராவோடு கூடவே போனார். வீட்டில், ஒத்திகையில், பயணத்தில், மேடைக்குப் பின்னால், மேடையில். இந்த வரிசையில் மேடை கடைசி.

இசைக்கலைஞர்களின் பயண வாழ்க்கை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிற மாதிரி இருப்பதில்லை. முக்கால் பங்கு காத்திருத்தல். ரயிலுக்கு, காருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, தாமதமாக வரும் தலைமை விருந்தினருக்கு. இளம் வயதில் முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளில் போனபோது, தரையில் செய்தித்தாளை விரித்து, யார் காலும் பட்டுவிடாதபடி தபலாவை அணைத்துக்கொண்டு தூங்கியதை ஜாகிர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். எழுத்தாளர் நஸ்ரீன் முன்னி கபீரோடு அவர் நடத்திய நீண்ட உரையாடல் 2018-இல் புத்தகமாக வந்தது. பிறந்த குழந்தையான ஜாகிரின் காதில் பிரார்த்தனையை ஓதச் சொன்னபோது, அப்பா அல்லா ரக்கா தாளச் சொற்களை ஓதினாராம். அதுவும் அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் வாசிப்புக்கும் வாழ்வுக்கும் நடுவே சுவர் இருக்காது. மேடைக்கு வெளியே ஒரு நாள் படம் எடுக்கப் போனவர் ஆறு ஆண்டுகள் திரும்பாததில் வியப்பில்லை.

அங்கே என்ன எடுக்கக் கிடைக்கும்? தபலாக்காரர் மேடைக்குப் பின்னால் செய்யும் காரியங்களில் பெரும்பகுதி கேட்பது. சின்னச் சுத்தியலை எடுத்துத் தபலாவின் விளிம்பில் ஒரு தட்டு. விரலால் ஓர் அடி. தலை ஒரு பக்கம் சாய்கிறது, கண் எங்கோ தரையில் நிலைக்கிறது. அடுத்த விளிம்பில் இன்னொரு தட்டு. மறுபடி காது. இதைப் பத்து நிமிடம்கூடச் செய்வார்கள். ஒரு மனிதன் தன் முகத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இருக்கும் நேரம் அது. மேடையில் அதே முகம் அரங்கத்துக்காகக் கொஞ்சம் வேலை செய்யும். நல்ல கலைஞர்களுக்கும் அது உண்டு, ஜாகிருக்கு நிறையவே உண்டு. இசைக்கலைஞரை வாசிக்கும்போது எடுத்த படத்தைவிட, கேட்கும்போது எடுத்த படத்தில்தான் இசை அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி. வாசிக்கும் படத்தில் சத்தம் இல்லாத குறை துருத்திக்கொண்டு நிற்கும். கேட்கும் படத்தில், அவர் என்ன கேட்கிறார் என்று நாமும் காதைத் தீட்டுவோம்.

கேட்கும் முகத்தை எடுக்க ஒரே ஒரு நிபந்தனைதான். எடுப்பவர் அந்த அறையில் இருப்பதே மறந்துபோக வேண்டும். முதல் வாரம் எந்தக் கலைஞரும் கேமராவை மறக்க மாட்டார். டீ வாங்கிக் கொடுத்து, பையைத் தூக்கி, வண்டியில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, பல சமயம் கேமராவையே எடுக்காமல் இருந்து பழகினால்தான் அது நடக்கும். ஒரே காரியத்தில் மனத்தை நிறுத்தும் பழக்கத்தை ஜாகிரிடம்தான் கற்றதாகத் தயானிதா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரைத் தன் முதல் குரு என்றே குறிப்பிடுவார். புகைப்படக்காரருக்குக் குரு ஒரு தபலாக்காரர். இது ஏதோ மேடையில் சொல்கிற புகழ்மொழி இல்லை. சாதகம் என்றால் என்ன என்பதை, தினமும் அதைச் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பார்த்தவர் சொல்வது.

இப்போது அந்த வரிசைக்கு வருவோம்: முதலில் புத்தகக் கலை, பிறகு கேமரா. படங்கள் சேர்ந்ததும் வேறொருவராக இருந்தால் கண்காட்சி வைத்திருப்பார், பத்திரிகைக்குக் கொடுத்திருப்பார். தயானிதா கத்தரிக்கோலையும் பசையையும் எடுத்தார். அச்சகத்தார் 'டம்மி' என்பார்களே, அதைத் தன் கையால் செய்தார். பக்க அளவுக்குத் தாளை வெட்டி, படங்களை ஒட்டி, ஜாகிரோடும் அவரைச் சுற்றியிருந்தவர்களோடும் பேசிச் சேர்த்த எழுத்தையும் உரிய இடத்தில் வைத்து, புரட்டிப் பார்க்கக்கூடிய நிஜப் புத்தகமாகவே அமைத்தார். கல்லூரிப் படிப்பின் முடிவில் அவர் காட்ட வேண்டிய வேலை அது.

டம்மி செய்தவர்களுக்குத்தான் அதிலுள்ள சூட்சுமம் தெரியும். சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பவர் தன் இஷ்டத்துக்கு நிற்பார், போவார். புத்தகத்தில் இடப்பக்கப் படம் வலப்பக்கப் படத்தோடு பேசும். தாளைப் புரட்டும்போது முந்தியது மறைந்து நினைவில் மட்டும் நிற்கும். எங்கே வெற்றுப் பக்கம் விடுவது, எங்கே மூன்று படங்களை அடுக்குவது, எங்கே ஒரு முகத்தை முழுப்பக்கத்துக்கு விரிப்பது என்பதெல்லாம் காலப்பிரமாணம் பற்றிய முடிவுகள். தாளக்காரரோடு ஆறு பருவம் சுற்றியவருக்கு அது கைவந்ததில் ஆச்சரியமில்லை. 1986-இல் அச்சில் வந்த புத்தகம் பிறகு நெடுங்காலம் கடைகளில் கிடைக்காமல் போனது. டம்மி மட்டும் பத்திரமாக இருந்தது.

வேறொரு நாட்டில், வேறொரு இசையைச் சுற்றி, இதற்கு இருபது ஆண்டு மூத்த ஓர் அண்ணன் உண்டு. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த ராய் டிகராவா, ஜாஸ் கலைஞர்களையும் அவர்கள் வாழ்ந்த தெருக்களையும் எடுத்த படங்களை 1960களின் தொடக்கத்தில் இதேபோல் கையாலேயே டம்மியாகத் தொகுத்தார். பெயர் 'தி சவுண்ட் ஐ சா'. அது அச்சேறியது 2001-இல்தான். அதே நியூயார்க்கில் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் கதை இன்னும் விசித்திரம். ஆறாம் அவென்யூவில் 821-ஆம் எண் பழைய கட்டடத்தில் குடியேறி, நள்ளிரவில் அங்கே கூடி வாசித்த ஜாஸ்காரர்களை 1957 முதல் 1965 வரை எடுத்துத் தள்ளினார். ஏறத்தாழ 40,000 படங்கள், அதோடு சுவரிலும் தரையிலும் மைக் செருகிப் பதிந்த சுமார் 4,000 மணி நேர ஒலிநாடா. அந்தக் குவியலிலிருந்து தன் வாழ்நாளில் ஒரு புத்தகம் கொண்டுவர அவரால் முடியவில்லை. அவ்வளவு பெரிய மேதையிடம் இல்லாத ஒன்று ஆமதாபாத் மாணவியிடம் இருந்தது: எங்கே நிறுத்துவது என்று கட்டாயப்படுத்த ஒரு கல்லூரித் தேதி.

தயானிதா அதன்பின் நியூயார்க் போய் 1987-88-இல் சர்வதேசப் புகைப்பட மையத்தில் ஆவணப் புகைப்படம் படித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்காகச் சில ஆண்டுகள் இந்தியாவைச் சுற்றினார். அந்தப் பத்திரிகைகளுக்கு வேண்டியிருந்தது ஒன்று துயரம், இல்லையென்றால் வண்ணம். சலித்துப்போய் விலகினார். விலகி வந்த வழி ஜாகிரிடம் பழகிய அதே வழிதான். ஒரு பத்திரிகை வேலைக்காகச் சந்தித்த டெல்லித் திருநங்கை மோனா அகமதுவோடு பல ஆண்டுகள் நட்பாக இருந்து, 2001-இல் 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகத்தைக் கொண்டுவந்தார். எழுத்து மோனாவுடையதே.

2008-இல் வந்த 'சென்ட் எ லெட்டர்' எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. விசிறி மடிப்பாக விரியும் ஏழு குட்டிப் புத்தகங்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள். பயணங்களில் நண்பர்களுக்காகக் கையால் செய்தவற்றிலிருந்து பிறந்தது. அதில் ஒன்று நம் பத்மநாபபுரம், இன்னொன்று அம்மா நோனி எடுத்த படங்கள். சின்ன வயதில் ஓடி ஒளிந்த அதே கேமராவின் படங்கள்! கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் சத்ராம்தாஸ் நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், நெக்லஸ் இருக்க வேண்டிய இடத்தில், இந்தப் புத்தகங்களை விரித்து வைத்திருந்தார்கள். சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு மூலையில் ஓர் அடி இடம் ஒதுக்கினால் போதும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பிறகு 'மியூசியம் பவன்' என்ற பெட்டி 2017-இல் பாரிஸ் ஃபோட்டோ-அபெர்ச்சர் அமைப்பின் ஆண்டின் சிறந்த புகைப்படப் புத்தகமாகத் தேர்வானது. புகைப்படம் எடுப்பவர் என்பதைவிடப் புகைப்படங்களைக் கொண்டு புத்தகம் செய்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதையே தயானிதா விரும்புகிறார். 2019-இல் ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் 'ஜாகிர் உசேன் மாக்கெட்' என்ற பெயரில் அந்தப் பழைய மாணவ டம்மியையே, கையால் ஒட்டிய தடயம் மாறாமல், அச்சுப்பிரதியாக வெளியிட்டது. முப்பத்துமூன்று ஆண்டு கழித்து, புத்தகத்துக்கு முந்தைய புத்தகம் கடைக்கு வந்தது.

அந்தப் படங்களில் இருக்கும் ஜாகிர், நாம் அறிந்த ஜாகிராக ஆவதற்கு முந்தைய ஆள் என்பதையும் சொல்ல வேண்டும். தாஜ்மகாலுக்கு முன்னால் உட்கார்ந்து தபலா வாசித்துத் தேநீர் அருந்தும் அந்த விளம்பரம், பட்டிதொட்டியெல்லாம் 'வாஹ் தாஜ்' என்று சொல்லவைத்த விளம்பரம், புத்தகத்துக்குப் பின்னால் வந்தது. பத்மஸ்ரீ 1988-இல். விளம்பரத்துக்குப் பின் அவரை யார் எடுத்தாலும் பறக்கும் முடியைத்தான் எடுத்தார்கள். அவரும் சளைக்காமல் பறக்கவிட்டார். 2024 பிப்ரவரியில் ஒரே இரவில் மூன்று கிராமி விருதுகள். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில், 73 வயதில், நுரையீரல் நோயால் காலமானார். மறுநாள் பத்திரிகைகளில் வந்தவை பெரும்பாலும் அந்த ஒரே மேடைப் படம்தான்.

இதையெல்லாம் லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன் என்றால், நம் இசைக்காரர்கள் நம் படங்களில் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்ததால். 1949 முதல் இயங்கும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற அமைப்புகளில் பயின்று அரங்கேறியவர்களின் விழா மலர்களைப் புரட்டுங்கள். பட்டுப்புடவை, மடியில் வீணை, கண் நேரே கேமராவில். வாசிக்கிறவர்கள் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அதைக்கூட விடுங்கள். பெருமாள் கோவில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்தைக் கவனியுங்கள். கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் பத்துப் பதினைந்து கேமராவும் கைப்பேசியும் தாலியை நோக்கித் திரும்பும். அந்த நொடியில் அந்த மண்டபத்தின் மொத்தச் சத்தத்தையும் உண்டாக்கிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பேரை ஒரு கண்ணும் பார்க்காது.

ஒரு தவில் வித்வானிடம் கேட்டேன். "அண்ணே, இத்தனை கல்யாணம் வாசிச்சிருக்கீங்க, உங்களை எடுத்த படம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"எங்க தம்பி! ஆல்பத்துல நம்ம கை ஓரமா வந்திருக்கும். சில பேரு அதையும் வெட்டிருவாங்க."

சொல்லிக்கொண்டே வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்த அந்தக் கூடுகள் கல்லாக இறுகியிருந்தன. ஒவ்வொன்றும் எந்த விரலுக்கு என்று பார்க்காமலே எடுத்தார். பக்கத்தில் நாதஸ்வரக்காரர் கொத்தாகத் தொங்கிய சீவாளிகளில் ஒன்றைக் கழற்றி, வாயில் வைத்து நனைத்து, தனியாக ஊதிப் பார்த்து, முகம் சுளித்து, அடுத்ததை எடுத்தார். மூன்றாவது சீவாளிக்குக் கண்ணை மூடிக் கேட்டார். தவில்காரரின் பேச்சு நின்றுவிட்டது, அவரும் கேட்டார். என்னிடம் கைப்பேசி இருந்தது. நான் எடுத்திருந்தால் அவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, சிரித்திருப்பார்கள். அதற்கு முன் பல காலைகள் அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. மெக்னாலி ஸ்ட்ரீட்டில் லசால் கலைக் கல்லூரி, மிடில் ரோட்டில் ஒப்ஜெக்டிஃப்ஸ் புகைப்பட மையம், இரண்டிலிருந்தும் வீரமாகாளியம்மன் கோவிலுக்கு நடந்தே வந்துவிடலாம். 2008 முதல் சிங்கப்பூரில் அனைத்துலகப் புகைப்பட விழாவே நடக்கிறது. டம்மி செய்யக் கற்றுத்தரும் ஆட்களும் இருக்கிறார்கள். குளிர்காலம்தான் நமக்குக் கிடையாது. அதனால் என்ன, ஆவணி முகூர்த்தங்கள் உண்டு, பெருமாளுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகள் உண்டு, கோவிலில் தினமும் காலைப் பூசை உண்டு. ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்து வாசிக்கும் கலைஞர்கள் ஒப்பந்தம் முடிந்தால் திருவாரூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ திரும்பிவிடுவார்கள். அடுத்த ஆவணிக்கு அதே கூடு மாட்டிய விரல்கள் இங்கே இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. யோசிக்கிற மாணவர் யாராவது இருந்தால், கேமராவை விட்டுவிட்டாவது இந்தச் சனிக்கிழமையே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.